பொத்தேரியில் ஒரு பாட்டில் வெந்நீர்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வண்டியில் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். கூடுவாஞ்சேரி தாண்டியதும் பெட்டியில் இருக்கிற இளவட்டங்கள் எல்லாம் ஏதோ கமாண்டர் உத்தரவு போட்ட மாதிரி ஒரே நேரத்தில் எழுந்து முதுகில் பையை மாட்டிக்கொள்ளும். அடுத்த ஸ்டேஷன் பொத்தேரி. வண்டி நிற்க வேண்டியதுதான், பெட்டி காலி! மிச்சம் இருப்பது கொய்யாக் கூடைக்காரம்மாவும், வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற ஒரு பெரியவரும்தான்.

அன்றைக்கு அந்தக் கூட்டத்தோடு நானும் என் மனைவியும் இறங்கினோம். இறங்கினோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. இறக்கப்பட்டோம். கால் தரையில் பட்டதும் முதல் வேலையாக, என் செருப்பு என் காலில்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். இருந்தது. வலது மட்டும்.

பொத்தேரியின் பிரபலத்துக்குக் காரணம் காலேஜ். 1985-ல் எஸ்.ஆர்.எம். என்ஜினீயரிங் காலேஜாக ஆரம்பித்து, இன்று பெரிய பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கிறது. இதில் ஒரு வேடிக்கை. விலாசம் எழுதும்போது காட்டாங்குளத்தூர். இறங்க வேண்டியதோ பொத்தேரி. விலாசத்தை நம்பி அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, பெட்டி படுக்கையோடு திரும்பி வருகிற அப்பாக்களை ஜூன், ஜூலையில் பார்க்கலாம்.

ஆனால் ஊர் அதற்கு முன்னாலேயே உண்டு ஸார்! பெயரிலேயே ஏரியை வைத்திருக்கிற ஊர். பழைய செங்கல்பட்டு ஜில்லாவையே ஏரி ஜில்லா என்றுதான் சொல்வார்கள். 2019 நவம்பர் 29-ஆம் தேதி காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனபோது, ஏரிகளில் பெரும் பங்கையும் பிரித்துக்கொண்டு வந்துவிட்டது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸும் லாரியும் அலறுகிற அலறலில் பத்து நிமிஷம் நின்றால் காது அடைத்துக்கொள்ளும். ஷேர் ஆட்டோ பிடித்து உள்ளே கொஞ்ச தூரம் போனால் போதும். கரை, கோரைப்புல், நாலு பனை, நீர்க்காகம். ஹார்ன் சத்தம் யாரோ பக்கத்து வீட்டில் டி.வி. பார்க்கிற மாதிரி கேட்கும்.

எங்களை அங்கே வரவழைத்தவன் என் மச்சினன். அந்தப் பக்கத்தில் ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கிறான். ஒரு கிரவுண்டு. சுற்றிலும் காம்பவுண்டுச் சுவர், ஒரு கேட், கேட்டுக்கு ஒரு பூட்டு. உள்ளே சீமைக் கருவேல மரம் ஒன்று. அவ்வளவுதான். வாங்கி மூன்று வருஷமாக வீடு எழும்பவில்லை. காரணம் பணமில்லை, பெண்டாட்டி.

"அவ ஒத்துக்க மாட்டேங்கறா மாமா. நீங்களும் அக்காவும் வந்து ஒரு சாயங்காலம் அங்க உட்கார்ந்து பார்த்தீங்கன்னா, அவளுக்கும் எடம் பிடிச்சிடும். கேம்ப் ஃபயர் மாதிரி வெச்சுக்கலாம். டீ போட்டுக் குடிக்கலாம்" என்றான் போனில்.

பக்கத்திலிருந்து அவன் பிள்ளை, "நான் டீ போடறேன் மாமா" என்றான். அப்பனுக்கும் நான் மாமாதான், பிள்ளைக்கும் மாமாதான். நம் உறவுமுறையில் இது ஒரு சௌகரியம். பிள்ளை பொத்தேரியிலேயே ஹாஸ்டலில் தங்கி மெக்கானிக்கல் படிக்கிறான். இரண்டாம் வருஷம். உலகத்தில் எல்லாம் தெரிந்துவிடுகிற வருஷம்.

தை மாசம். ஐந்து மணிக்கே வெயில் சாது ஆகிவிட்டது. மச்சினன் மனைவி கட்டுச்சோறு மூட்டையோடு வந்திருந்தாள். என்னை "வாங்கண்ணா" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை. கேட்டைத் திறந்து உள்ளே வந்தவள் மனையைப் பார்க்கவில்லை, ஏரிக் கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று செங்கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தோம். காய்ந்த புல்லை எல்லாம் சுற்றிலும் செதுக்கி எடுத்துவிட்டு, ஒரு குடம் தண்ணீரும் பக்கத்தில் வைத்துக்கொண்டோம். (தீ வளர்க்கிறவன் முதலில் தேட வேண்டியது தண்ணீர். நெருப்புப் பெட்டி இரண்டாவதுதான்.) சுள்ளி பொறுக்கப் போன நான், பக்கத்துக் காலி மனையில் ஓரமாகக் காய்ந்து கிடந்த அரளிக் குச்சிகளை ஒரு கட்டு கட்டிக்கொண்டு பெருமையாக வந்தேன்.

"இன்னா பெரியவரே, ஊட்ல எல்லாரும் நல்லா இருக்கணும்னு ஆசை இல்லியா உனுக்கு?" என்று ஒரு குரல். கேட்டுக்கு வெளியே ஏழெட்டு ஆடுகளோடு ஒரு ஆயா. "அது அரளி. பொகையே ஆவாது. தூக்கிப் போடு."

தூக்கிப் போட்டேன். அரளியின் விதை மட்டும் இல்லை, இலை, பட்டை, குச்சி, புகை எல்லாமே விஷம். சினிமாவில் விதையை மட்டும் அரைப்பதால் மற்றதெல்லாம் சாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆயா சொன்னபடி கருவேலம் சுள்ளியும் பனை மட்டையும் சேர்ந்தன. தீ பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் தெரிந்தது. டீத்தூள் இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, பால் இருக்கிறது, பேப்பர் கப் இருபத்தைந்து இருக்கிறது. பாத்திரம் இல்லை!

"நீங்க எடுத்துட்டு வருவீங்கன்னு நெனச்சேன்" என்றான் மச்சினன். "நான் எதுக்குடா எடுத்துட்டு வரணும், உன் மனை, உன் டீ" என்றாள் அவன் அக்கா. குடும்பத்தோடு போகிற எந்த உல்லாசப் பயணத்திலும் இந்த வசனம் ஒருமுறை வந்தே தீரும்.

"கவலைப்படாதீங்க மாமா. மெட்டல் பாட்டில் இருக்கே! அதுலயே கொதிக்க வெக்கலாம். காட்டுக்குப் போறவங்கல்லாம் அப்படித்தான் செய்வாங்க" என்று பிள்ளை தன் பையிலிருந்து பளபளவென்று ஒரு பாட்டிலை உருவினான். தண்ணீர் ரொப்பினான். மூடியை இறுக்கித் திருகினான். தணலைக் கிளறி நடுவில் இடம் பண்ணினான்.

"டேய்! மூடியக் கழட்டு!"

ஆயா போட்ட சத்தத்தில் ஆடுகளே இரண்டடி பின்வாங்கின.

"பலாக்கொட்டையச் சுடும்போது கூட ஒரு கீறு கீறிட்டுத்தான் நெருப்புல போடுவோம். இல்லாங்காட்டி பட்டுனு வெடிச்சு மூஞ்சில அடிக்கும். ஒரு கொட்டையே அப்டின்னா, இவ்ளோ பெரிசு இன்னா பண்ணும்?"

மெக்கானிக்கல் இரண்டாம் வருஷம் வாயடைத்து நின்றான். அவன் புத்தகத்திலேயே இருக்கிறது. தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் கேட்கும். இடம் கொடுக்காவிட்டால் எடுத்துக்கொள்ளும். ஸ்டீவன்ஸன் ரயில் விட்டது இந்தச் சமாசாரத்தை அடக்கி ஆளத் தெரிந்ததால்தான். அதைப் பலாக்கொட்டையை வைத்து ஒரே வரியில் முடித்துவிட்டது ஆயா.

அசடு வழிந்தபடி மூடியைக் கழற்றிவிட்டு மறுபடி தணலில் வைக்கப் போனான். இந்தத் தடவை கையைப் பிடித்தது அவன் அம்மா.

"இதுவும் ஆகாது. இது ஹாட் அண்ட் கோல்டு பாட்டில். ரெட்டைச் சுவர்."

எனக்கு ஆச்சரியம். அவள் சொன்னது சரி. இப்போது கடைகளில் தொங்குகிற எவர்சில்வர் பாட்டில்களில் பாதிக்கு மேல் ஃபிளாஸ்க் ஜாதி. உள்ளே ஒரு சுவர், வெளியே ஒரு சுவர், நடுவே வெற்றிடம். 1892-ல் ஜேம்ஸ் டீவர் என்கிற விஞ்ஞானி கண்டுபிடித்த தந்திரம். (பாவம், அவர் பேடண்ட் வாங்கவில்லை. ஜெர்மன்காரர்கள் தெர்மாஸ் என்று பெயர் வைத்து விற்றுப் பணம் பண்ணினார்கள்.) உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விடாத பாட்டில், வெளியே இருக்கிற சூட்டை மட்டும் உள்ளே விடுமா? வெளிச்சுவர் சிவக்கச் சிவக்கக் காயும், தண்ணீர் அப்படியே கிடக்கும். ஒட்டு விட்டுப்போய் நடுவில் காற்று புகுந்திருந்தால் அது விரிந்து, மூடியைக் கழற்றியிருந்தாலும் பாட்டில் வெடிக்கலாம்.

எது எந்த ஜாதி என்று கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு. வீட்டிலேயே கொஞ்சம் வெந்நீரை ஊற்றி வெளியே தொட்டுப் பாருங்கள். கை சுட்டால் ஒற்றைச் சுவர். சுடாவிட்டால் இரட்டைச் சுவர், அடுப்புப் பக்கமே கொண்டு போகாதீர்கள். ஒற்றைச் சுவரிலும் வெளியே பெயின்ட் அடித்தது, உள்ளே பூச்சு பூசிய அலுமினியம் பாட்டில், இதெல்லாம் வேண்டாம். வெறும் எவர்சில்வர்தான் உத்தமம். மூடி, பிளாஸ்டிக் வளையம், வாஷர் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். கழுத்து வரை ரொப்பாமல் நாலு விரல் இடம் விட வேண்டும்.

"அப்ப டீ இல்லையா?" என்றான் மச்சினன் பரிதாபமாக.

அவன் மனைவி பதில் சொல்லாமல் கட்டுச்சோற்றுப் பையின் அடியில் கையை விட்டாள். ஒரு பழைய பாட்டிலை எடுத்தாள். ஸ்கூல் பிள்ளைகள் கொண்டுபோகிற சைஸ். ஒரு பக்கம் ஒடுங்கல். அடிப்பாகம் முழுக்கக் கறுப்பு.

"இது என் பாட்டிலாச்சே! நாலாங்கிளாஸ்ல தொலைஞ்சு போச்சுன்னு நீதானேம்மா சொன்னே?" என்றான் பிள்ளை.

"தொலையல. நான்தான் எடுத்து வெச்சேன்."

தண்ணீர் ஊற்றி, மூடியைத் தனியே வைத்துவிட்டு, தணலின் ஓரமாகப் பாட்டிலைச் செருகினாள். நடுத் தீயில் வைக்கவில்லை. தணல் ஒரு பக்கம், சுள்ளித் தீ ஒரு பக்கம். பழகின கை. தீயைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாள்.

2015-ஆம் வருஷம் அவர்கள் முடிச்சூரில் குடியிருந்தார்கள். டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். தாம்பரத்தில் மட்டும் இருபத்துநாலு மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர். ஏரிகள் நிரம்பி வழிந்து, அடையாறு கரை புரண்டு, முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் கடலாயிற்று. அன்றைக்கு மச்சினன் வெளியூரில். நாங்கள் மாம்பலத்தில். இரண்டு நாள் போன் கிடைக்காமல் நான் எப்படித் தவித்தேன் என்று பத்து வருஷமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் எப்படி இருந்தாள் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

"ராத்திரி கட்டில் ஒசரம் தண்ணி வந்துடுச்சுண்ணா. இவனத் தூக்கிட்டு மாடிக்கு ஓடினேன். இவன் ஸ்கூல் பாட்டில் கழுத்துல தொங்கிட்டு இருந்துது, அவ்ளோதான். சமையல் சாமான், கேஸ் எல்லாம் கீழ தண்ணியில. எதுத்த வீடு மாடி இல்லாத வீடு. அவங்களும் எங்க மாடிக்கு வந்துட்டாங்க. அந்தப் பொண்ணுக்கு நாப்பது நாள் கொழந்த. பயத்துல அவளுக்குப் பால் வத்திப்போச்சு. பவுடர் டின் மட்டும் கையில எடுத்துட்டு வந்திருந்தா. கலக்கறதுக்குத் தண்ணி? சுத்தியும் தண்ணிதான். சாக்கடை, செத்த எலி, எல்லாம் கலந்த தண்ணி."

விடிகிற வரை குழந்தை அழுததாம். விடிந்த பிறகு அழவில்லையாம். "அதுதான் பயமா இருந்துது" என்றாள்.

மழைத் தண்ணீரை மாடியில் கிடந்த பக்கெட்டில் பிடித்துப் புடவைத் தலைப்பில் வடிகட்டினாள். கொதிக்க வைக்கப் பாத்திரம்? பிள்ளையின் கழுத்தைப் பார்த்தாள். விறகு? மாடிப்படி அறையில் நவராத்திரிக் கொலுப்படி அடுக்கி வைத்திருந்தது. மாமனார் காலத்துப் பலகை. தீப்பெட்டி நமுத்துவிட்டது. எதிர் வீட்டுக்காரர் பாக்கெட்டில் சிகரெட் லைட்டர் இருந்தது. "அந்த மனுஷன் சிகரெட் பிடிக்கறார்னு ஜன்னல மூடி மூடி வெப்பேன். அன்னிக்குக் கும்பிட்டேன்."

படி அறையின் கதவைத் திறந்துவைத்து, புகையில் கண் எரிய, ஒரு பலகையை உடைத்துக் கொளுத்தினாள். பாட்டில் கொதித்தது. குழந்தைக்குப் புகட்டப் பாலாடையும் இல்லை, சங்கும் இல்லை. பாட்டிலின் மூடியையே வெந்நீரில் போட்டு எடுத்து, ஆற வைத்து, அதிலேயே பாலைக் கலந்து சொட்டுச் சொட்டாக ஊற்றினார்கள்.

"மொத ரெண்டு வாய் அப்படியே வழிஞ்சிடுச்சு. மூணாவது வாய் முழுங்கிச்சு."

மூன்றாம் நாள் படகு வந்தது. அதற்குள் ஒன்பது கொலுப்படியில் ஐந்து எரிந்துவிட்டிருந்தது.

என் மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அதான் அடுத்த வருஷம் நாலு படி கொலுவா? நான்கூட நீ கஞ்சத்தனம் பண்றேன்னு..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள்.

பாட்டிலின் வாயிலிருந்து ஆவி கிளம்பியது. பிள்ளை பேச்சை மாற்ற வேண்டும் என்றோ என்னவோ கணக்குப் போட்டான். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100-க்குக் கொண்டு போக 70 கிலோ கலோரி வேண்டும். காய்ந்த விறகு ஒரு கிலோவில் மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேல் இருக்கிறது. ஆனால் திறந்த அடுப்பில் பத்தில் ஒன்பது பங்கு ஊருக்கும் உலகத்துக்கும் போய்விடும். ஆகவே ஒரு லிட்டருக்கு இருநூறு கிராம் விறகு. "ஒரு கொலுப்படிப் பலகையில நிறைய தடவை கொதிக்க வெக்கலாம்மா" என்றான். குரல் கொஞ்சம் கரகரத்தது.

பாட்டில் உருகாதா என்று கேட்டாள் என் மனைவி. நான் கேட்டேன், "நீ ஈயச் சொம்புல ரசம் வெக்கறியே, அது உருகுதா?" ஈயம் என்று நாம் சொல்கிற அந்த வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். ஆனால் உள்ளே ரசம் இருக்கிற வரை சூட்டை அது உறிஞ்சிக்கொள்ளும், சொம்பு தப்பிக்கும். காலிச் சொம்பை அடுப்பில் வைத்த புதுப் பெண்டாட்டி கதை வீட்டுக்கு வீடு உண்டு. பாட்டிலுக்கும் அதே சட்டம்தான்.

தளதளவென்று கொதி வந்துவிட்டால் கிருமிகள் காலி என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஜாக்கிரதைக்கு ஒரு நிமிஷம் கொதிக்க விடச் சொல்கிறார்கள் அமெரிக்கர்கள். ஊட்டி மாதிரி 2,000 மீட்டருக்கு மேலே போனால் மூன்று நிமிஷம். அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆனால் ஒன்று. கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும். உப்பும், ஃபுளோரைடும், பாக்டரிக் கழிவும் சாகாது. வற்ற வற்றக் கூடத்தான் செய்யும். இங்கிருந்து கிழக்கே மாமல்லபுரம் போகிற வழியில் நெம்மேலியில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்க 2013-ல் அவ்வளவு பெரிய ஆலை கட்டினார்களே, தினம் பத்துக் கோடி லிட்டர், அது சும்மாவா? கொதிக்க வைத்தால் போதும் என்றால் ஆளுக்கு ஒரு அடுப்பு கொடுத்திருப்பார்கள்.

இரண்டு பச்சைக் குச்சியை இடுக்கி மாதிரிப் பிடித்துப் பாட்டிலை எடுத்தாள். டீத்தூள் போட்டு, பால் கலந்து, ஆயாவுக்குத்தான் முதல் கப். ஆயா ஊதி ஊதிக் குடித்துவிட்டு, "பொகை நாத்தம் அடிக்குது. ஆனா நல்லாகீது" என்று சர்டிபிகேட் கொடுத்தது.

மச்சினன் மனைவி கேட்டாள். "ஆயா, அந்த வெள்ளத்தப்ப இங்க தண்ணி வந்துதா?"

மச்சினன் டீயை விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டான்.

ஆயா ஏரியைப் பார்த்தது. சுவரைப் பார்த்தது. கம்பால் காம்பவுண்டுச் சுவரில் இரண்டாவது வரிசைக் கல்லைத் தட்டியது. "இம்மாந் தண்ணி. ரெண்டு நாள் நின்னுச்சு, போயிடுச்சு. கலங்கல் அந்தாண்ட கீது. உன் ஆம்பளையாண்ட பொய் சொன்னவன் எவனோ, நான் சொல்றது நெசம்."

முழங்கால் உயரம். யாரும் பேசவில்லை. எனக்கு மச்சினனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மூன்று வருஷமாக அவன் அவளுக்கு வாஸ்து சொன்னான், விலை ஏறும் என்றான், ஸ்டேஷன் பக்கம் என்றான். அவள் கேட்க நினைத்தது இந்த ஒரு கேள்விதான். அதை ஆடு மேய்க்கிற ஆயாவிடம் கேட்க வேண்டியிருந்தது.

அவள் எழுந்தாள். சுவரில் ஆயா தட்டிய இடத்துக்குப் போய்க் கையை வைத்துப் பார்த்தாள். அதற்கு மேலே இன்னொரு கையை வைத்தாள். அதற்கும் மேலே இன்னொரு கை.

"இது வரைக்கும் அடித்தளம் தூக்கணும்" என்றாள். "மாடி கட்டாயம் வேணும். மாடியில ஒரு விறகடுப்பு. ஒரு மூட்டை விறகு எப்பவும் காய்ஞ்சு இருக்கணும். சரின்னா கட்டுங்க. இல்லன்னா வித்துடுங்க."

"சரி" என்றான் மச்சினன், டீயை ஒரே மடக்காக விழுங்கி. நாக்கு பொத்துவிட்டது. அதற்கும் சேர்த்து "சரி சரி" என்றான்.

இருட்டுகிற நேரம். குடத்துத் தண்ணீரைத் தணலில் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, கையை வைத்துச் சூடு இல்லை என்று பார்த்த பிறகுதான் கேட்டைப் பூட்டினோம். பிள்ளை பழைய பாட்டிலைக் கையில் எடுத்தான். சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தால் கரி போய்விடும், பளிச்சென்று ஆகிவிடும் என்று சொன்னாள் என் மனைவி.

"வேண்டாம் அத்தை, இப்படியே இருக்கட்டும்" என்றான். பளபளப்பு பாட்டிலைப் பையில் திணித்துவிட்டு, கறுப்பு பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு ஹாஸ்டலுக்கு நடந்தான்.

நாங்கள் தாம்பரம் வண்டி ஏறினோம். எங்கள் மேல் அடித்த புகை வாசனையில் பக்கத்து சீட் பெண்கள் இரண்டு பேர் எழுந்து போனார்கள். உட்கார இடம் தாராளமாகக் கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும் பரணில் ஏறி, ஒற்றைச் சுவர் பாட்டில் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. கீழே இறங்குகிறபோது கொலுப்படிகள் கண்ணில் பட்டன. ஏழு படி. நல்ல தேக்கு.

"என்ன அங்கயே நின்னுட்டீங்க?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல" என்றேன். "எண்ணிப் பார்த்தேன்."